எண்ணி எண்ணிக் கொடுத்த மாத்திரைகள்

என் கணவரின் நோய்க்கு முதல் அறிகுறி, அவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்தியதுதான். நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் என் சமையலுக்கு ஒரு குறையாவது சொல்லாமல் எழுந்தவரில்லை. ஒரு நாள் உப்பே போடாத குழம்பைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். நானும் ஒரு மக்கு. அப்பாடா, மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

சில மாதங்களில், செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கப் போனவருக்கு வீடு திரும்ப வழி தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் கூட்டி வந்து விட்டார்கள். தாம்பரத்தில் ஒரு டாக்டர், டிமென்ஷியா (மறதி நோய்) ஆரம்பம் என்று சொல்லி இரண்டு மாத்திரை எழுதினார். ஏற்கெனவே பன்னிரண்டு போய்க்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாத்திரை டப்பா இருக்கும். நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை, அதில் எனக்குக் கர்வமே உண்டு. இதயம், சிறுநீர், தூக்கம், மறதி என்று நான்கு டாக்டர்கள், நான்கு ஃபைல்கள். ஒருவரிடம் போகும்போது மற்றவர்களின் ஃபைலை வீட்டிலேயே வைத்துவிடுவேன். காட்டினால், தன் மேல் நம்பிக்கை இல்லை என்று டாக்டர் நினைத்துவிடுவாரே! பாழாய்ப்போன மரியாதை.

ஒரு நாள் பாத்ரூமில் விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆஸ்பத்திரியில் முதியோர் மருத்துவம் பார்க்கும் ஒரு பெண் டாக்டர், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னார். என் மகன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். கட்டிலில் பரப்பி, எது முதலில் வந்தது, எது அப்புறம் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர் மாத்திரையால் கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதனால் அடிக்கடி பாத்ரூம் போக, அதை அடக்க ஒன்று. அந்த ஒன்றும் தூக்க மாத்திரையும் சேர்ந்து புத்தியை மந்தமாக்க, மறதிக்கு இரண்டு.

"இதுல பாதி அவரோட நோய்க்கு இல்லம்மா, மத்த மாத்திரைங்களுக்குத்தான்," என்றார்.

தப்பு உங்களுடையதில்லை என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பிறகு நடந்தது டீபிரிஸ்கிரைபிங் (மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்தல்). தூக்க மாத்திரையை மட்டும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்துதான்.

நான்கு மாதத்தில் ஆறு மாத்திரையில் வந்து நின்றது. மறதி முழுக்கப் போகவில்லை. ஆனால் கண்ணில் ஆள் தெரிந்தார். தோசை முறுகலாக இல்லை என்று ஒரு நாள் முணுமுணுத்தபோது, சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ஒரு காலையில், "அண்ணன் ஏன் போனே பண்றதில்ல? கூடுவாஞ்சேரிக்கு ஒரு நடை போயிட்டு வருவோமா?" என்றார்.

அவருடைய அண்ணன் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இவரையும் கூட்டிப் போயிருந்தோம். சாவு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார்.

சொன்னேன். வேறு வழியில்லை.

"நான் வாய்க்கரிசி போட்டேனா?"

"போட்டீங்க."

"நானாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான்தாங்க உங்க கையப் பிடிச்சுப் போட வெச்சேன்."

"அப்ப நான் போடல," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, தலைக்குக் குளிக்க வேண்டும் என்றார். சாவுச் செய்தி கேட்டால் குளிக்க வேண்டுமல்லவா? வெந்நீர் வேண்டாம் என்றார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து, பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து நானே ஊற்றினேன். மெலிந்துபோன முதுகு. அந்த உடம்பை அன்றுதான் பார்ப்பது போல இருந்தது. எங்களுக்கெல்லாம் அந்தச் சாவு போன வருஷத்தது, அழுது ஆறிப்போயிருந்தோம். அவருக்கு அண்ணன் அன்று காலைதான் இறந்திருக்கிறார்.

பச்சைத்தண்ணீருக்கு அவர் நடுங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அடுத்த சொம்பை மொண்டு ஊற்றினேன்.