பனிக்குடம் உடைந்த நேரம்

பிரசவ வார்டில் இருந்த அந்த நர்ஸ் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருப்பார். எந்தக் குழந்தையின் முதல் அழுகை கேட்டாலும் கையைத் திருப்பி மணி பார்ப்பார்.

என் மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, "பனிக்குடம் ஒடஞ்சு எம்புட்டு நேரமாச்சு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சிஸ்டர், வர்ற வழியில."

உண்மையில் காலை ஏழரைக்கே உடைந்துவிட்டது. திங்கட்கிழமை, ராகுகாலம். ஒன்பது மணி கழியட்டும் என்று திருவாதவூர் வீட்டிலேயே அவளை உட்கார வைத்தவன் நான்தான். திட்டுவார் என்று பயந்து மாற்றிச் சொன்னேன்.

கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அழுகை கேட்கவே இல்லை. வெகுநேரம் கழித்து அவர் வந்தார்.

"பொம்பளப் புள்ள. மூச்சுத் தெணறிப் பொறந்துச்சு, காத்து குடுத்துத்தான் அழுதுச்சு. இப்படி நெறையப் புள்ளைக வருதுக தம்பி. தண்ணி ஒடஞ்சு நேரமாயிட்டா ஆபத்து கூடும். நெசமாவே வழியிலதான் ஒடஞ்சுச்சா?"

"ஆமா சிஸ்டர்."

அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப டாக்டரக் கூப்புடுறதுல நாந்தான் லேட் பண்ணிட்டேன் போல."

மகளுக்கு இப்போது நான்கு வயது. இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறாள். வாராவாரம் அவளைப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போகிறேன். ஒருநாளும் உள்ளே போய் அவரிடம் சொன்னதில்லை.