இருபத்தாறு என்றால் இருபத்தாறுதான்

எங்கள் கேபிள் டிவியில் அதுவரை வந்ததெல்லாம் மரண அறிவிப்பும் நகைக்கடை விளம்பரமும் பழைய பாட்டும்தான். அணுவைப் பற்றி நிகழ்ச்சி போடலாம் என்று முதலாளி செந்தூர்வேல் அண்ணாச்சிக்கு யார் ஓதினார்களோ! முதல் வாரம் ஒரு பேராசிரியர் வந்து அரை மணி நேரம் பேசினார். கேமராவைப் பிடித்திருந்த எனக்கே கொட்டாவி அடங்கவில்லை. அவருடைய கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த லேப் அசிஸ்டன்ட் மெட்டில்டா பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்தார்.

"மீன் ஏலக்கூடத்துல அடுத்து எந்தக் கூடை போகும்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. ஆனா அரை மணிக்கு ஒருக்க, இருக்கதுல பாதி போயிரும்னு சொல்லிரலாம். கதிரியக்கமும் அப்படித்தான் கொறையும்."

அடுத்த வாரத்திலிருந்து நிகழ்ச்சி மெட்டில்டாவுடையது. ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் கருவிகளைத் துடைத்து, எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைத்தே இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது. யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் முகத்துக்கு நேரே திருத்துவார். தெரியாததைத் தெரியாது என்று டிவியிலேயே சொல்லிவிடுவார். அண்ணாச்சிக்கு அதுதான் ஆகாது.

அப்போதுதான் எவனோ வேலைவெட்டி இல்லாதவன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவைப் பரப்பினான். நம் கடல் மீனில் அணுக்கதிர் ஏறிவிட்டதாம், யாரும் வாங்காதீர்களாம். மூன்றே நாளில் திரேஸ்புரம் மீன் சந்தை வெறிச்சோடியது. மெட்டில்டாவின் தங்கை கிரேசி அங்கே மீன் விற்கிறவர். கொண்டுபோன கூடை அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

"மீன் நல்ல மீன்தான்னு டிவியில ஒரு வார்த்தை சொல்லிரு அக்கா" என்று கிரேசி கெஞ்சினார். அண்ணாச்சியும் அதையே சொன்னார்.

"எண்ணிப் பாக்காம சொல்ல மாட்டேன்" என்றார் மெட்டில்டா. "எண்ணுனா சந்தையில வச்சு, நேரலையிலதான் எண்ணுவேன்."

கல்லூரியில் எழுதிக் கொடுத்து வாங்கிய கைகர் கருவியோடு காலையில் சந்தைக்கு வந்தார். கதிர் பட்டால் டிக் டிக் என்று சத்தம் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. முதலில் கழுவிய வெறும் பலகைமேல் வைத்தார். அப்போதும் டிக் டிக். கூட்டம் மிரண்டது.

"பயப்படாதீங்க. மண்ணு, கல்லு, ஆகாசம் எல்லாத்துல இருந்தும் கொஞ்சம் வந்துக்கிட்டேதான் இருக்கும். நம்ம ஒடம்புலயும் உண்டு" என்றார். ஒரு நிமிஷத்துக்கு இருபத்தொன்று.

பிறகு கிரேசியின் கூடையிலிருந்து ஒரு பாறை மீனை எடுத்துப் பலகையில் போட்டு, கருவியைக் கிட்டத்தில் வைத்தார். ஒரு நிமிஷம் ஆனது. இருபத்தாறு.

"கெடுத்திட்டியே அக்கா!" என்று கிரேசி தலையில் கை வைத்தார். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று, இருபத்தொன்று என்று சொல்லும்படி கையைக் காலை ஆட்டினார்.

மெட்டில்டா கேமராவை நேராகப் பார்த்தார். "இருபத்தொண்ணுன்னு சொல்லச் சொல்லி அண்ணாச்சி சைகை காட்டுதாங்க. நான் எண்ணுனது இருபத்தாறு. இருபத்தாறுன்னா இருபத்தாறுதான். ஆனா ஒரு நிமிஷத்துக்கும் அடுத்த நிமிஷத்துக்கும் கூடும், கொறையும். அத வச்சு ஒண்ணும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பத்து நிமிஷம் வெறும் பலகை, பத்து நிமிஷம் மீனு. எண்ணுவோம்."

அன்றைய நேரலைக்கு எங்களுக்கு இருந்ததே பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகு நகைக்கடை விளம்பரம். "ஏலே, நிறுத்துலே கேமராவ!" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். நான் நிறுத்தவில்லை. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவரே ஒயரைப் பிடுங்கக் குனிந்தார். செதில் ஒட்டிய கையோடு கிரேசி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க அண்ணாச்சி. இப்ப நிறுத்துனா எல்லாரும் அந்த இருபத்தாறோடதான் வீட்டுக்குப் போவாங்க. எங்க அக்கா எண்ணி முடிக்கட்டும்."

இருபது நிமிஷம் ஒருத்தரும் நகரவில்லை. மீன்காரப் பெண்கள் வாய்விட்டே கூடச் சேர்ந்து எண்ணினார்கள். வெறும் பலகைக்கு இருநூற்று இருபத்து நான்கு. மீனுக்கு இருநூற்றுப் பத்தொன்பது.

"பெரிசா ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார் மெட்டில்டா. "சின்ன அளவுல இருந்தாலும் கண்டுபிடிக்க வெளியூர் ஆய்வகத்துக்கு மீன் அனுப்பியிருக்கேன். கூடுதலா இருந்தா அதையும் இங்கனயே வந்து சொல்லுவேன்."

"அடுத்த வாரம் உனக்கு நிகழ்ச்சி கிடையாது" என்றார் அண்ணாச்சி.

"சரி அண்ணாச்சி. கேமரா இல்லாமயும் எனக்கு எண்ணத் தெரியும்."

கிரேசி அதற்குள் அந்தப் பாறை மீனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தெருமுனை வரை கேட்கக் கூவத் தொடங்கியிருந்தார்.

"எண்ணுன மீனு! வாங்க, எண்ணுன மீனு!"