ஜெயசித்ராவின் இடது புருவம்

என் அக்கா ஜெயசித்ராவுக்கு இடது புருவத்தில் பாதிதான் உண்டு. ஏழு வயதில் பம்புசெட்டுத் தொட்டி விளிம்பில் விழுந்து கிழிந்த இடத்தில் பிறகு முடி முளைக்கவில்லை. அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஐந்து வருடம் புடவை விரித்தாள். வந்தவர்கள் புடவையைத்தான் பார்த்தார்கள். மாடியில் பட்டுப் பிரிவுக்கு அவளை மாற்றிய பிறகுதான் சூப்பர்வைசர் ராஜவேலுக்கு அந்தப் புருவம் உறுத்தியது.

"பட்டுல நிக்கிறவ மொகம் லட்சணமா இருக்கணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா குடோன்ல போயி மூட்டை பிரி."

குடோனில் ஜன்னல் கிடையாது. மூன்று வருடமாக அங்கே இருக்கிற பெண் இருமிக்கொண்டேதான் பேசுவாள்.

திங்கட்கிழமை பென்சிலால் வரைந்துகொண்டு, வேலைக்குப் போகும் என்னோடு பஸ் ஏறினாள். கூட்டத்தில் வியர்த்தது. பழக்கதோஷத்தில் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். புருவம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் புருவத்துக்கு ஜெல். "தண்ணியில முங்குனாலும் அழியாதுக்கா" என்று ஃபேன்சி ஸ்டோர்காரி கொடுத்தது. அழியவில்லைதான். ஆனால் காய்வதற்குள் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் தார்ப்பாய் போடாத சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இறங்கும்போது ஒரு புருவம் மட்டும் நரைத்திருந்தது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏனென்றால் கடை வாசலில் ராஜவேல் பாக்கு மென்றபடி நின்றான். அவளைப் பார்த்ததும் கட்டைவிரலை நாக்கில் தொட்டான். வந்தவர் போனவர் பார்க்க, அந்த எச்சில் விரலால் அவள் புருவத்தைத் தேய்த்தான். "என்னம்மா, சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்திருக்க?" என்றான்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா அந்தப் பக்க முகத்தைக் காட்டவே இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெண்கள் கழிப்பறையில் நான்கு தடவை முகம் கழுவினாளாம். விளக்கு கிடையாது. மாப் ஊறும் வாளித் தண்ணீர் தரையெல்லாம் வழியும்.

"அந்த நாத்தம்கூட பரவால்லடா. அவன் பாக்கு வாசம் போவ மாட்டேங்குது."

"வேலைய வுட்டுடுக்கா. நான் இருக்கேன்ல."

"நீ டிகிரி வாங்குனது என்னை வூட்ல ஒக்கார வக்கவா? அஞ்சு வருஷம் கால் கடுக்க நின்னு ஏறுன மாடிடா அது. நான் எதுக்கு எறங்கணும்?"

புதன்கிழமை புருவத்துக்குப் போடும் கறுப்புப் பவுடர் வாங்கினாள். உலர்ந்த பவுடர், சாய்வாக வெட்டிய சிறு பிரஷ். வியர்வையும் தூசியும் பஸ்ஸோடு போகட்டும், இறங்கி முகம் கழுவித் துடைத்த பிறகுதான் புருவம் என்று முடிவு செய்தாள். எங்கே போடுவது? வாசலிலேயே ராஜவேல் நிற்பான். உள்ளே போனால் அந்தக் கழிப்பறை.

வியாழக்கிழமை காலை பாட்டில் தண்ணீரில் முகம் கழுவித் துடைத்துக் கடைப் படியில் உட்கார்ந்தாள். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்து நின்றது.

"டேய் பட்டதாரி, கண்ணாடிய நேரா புடி."

பிடித்தேன். ராஜவேல் ஓடி வந்தான்.

"என்னம்மா அசிங்கமா, ரோட்டுல ஒக்காந்து? உள்ள பாத்ரூம்ல போய்ப் போடு."

"அங்க லைட்டு இல்லீங்க சார். ஒரு தடவ நீங்க போயி மூஞ்சி கழுவிட்டு வாங்க, அப்பறம் நான் போறேன்."

வேனிலிருந்து இறங்கிய ஒரு பெரியம்மா பக்கென்று சிரித்தார். ராஜவேலின் கட்டைவிரல் தானாக வாய்ப்பக்கம் போனது. அக்கா பிரஷை நிறுத்தினாள்.

"கைய வச்சீங்கன்னா இவங்க அத்தன பேரும் பாக்கக் கத்துவேன்."

விரல் பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. அக்கா மிச்சப் புருவத்தை நிதானமாக முடித்தாள்.

"பொண்ணு, பட்டு எந்தப் பக்கம்?" என்றார் பெரியம்மா.

"மாடிலங்க. வாங்க, நான்தான் காட்டுவேன்."

இப்போது தினமும் காலையில் அந்தப் படிதான். நான் கண்ணாடி பிடிக்கிறேன். கண்ணாடியின் ஓரத்தில் ராஜவேல் தெரிவான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். பாக்குக்கறை படிந்த அந்த நகம் கண்ணில் பட்டால் எனக்கு இன்னும் குமட்டுகிறது.