ஜன்னலுக்குள் இருந்த சாட்சி

சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டவர் சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஊசி போடுவது நான்தான். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஊசியில் இருக்கிற கோட்டை எண்ண வரும்.

சிம்மக்கல்லில் ஒரு சந்தில் அப்போதுதான் வாடகைக்கு வந்திருந்தோம். அன்று மத்தியானம் ஊசியைப் போட்டுவிட்டுப் பார்த்தால், சோறு வடித்தாயிற்று, குழம்புக்குப் புளி இல்லை. அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்திருந்ததால் ஜன்னலோரக் கட்டிலை விட்டுத் தானாக எழ முடியாது. உள்தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனால் தெருநாய் சோற்றுப் பானைக்குள் தலையை விட்டுவிடும். அதனால் வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன்.

புளி வாங்கினேன், வெல்லம் வாங்கினேன், விலை கேட்டுக் கடைக்காரரை நாலு வார்த்தை கிண்டலும் செய்தேன். திரும்பி வந்து இடுப்பைத் தடவினால் சாவி இல்லை. வந்த வழியே போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துப் பூட்டைத் தட்டிப் பார்த்தேன். கல் உடைந்தது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். "இந்தா வாரேன், பூட்டுத் தெறக்க ஆள் கூட்டியாரேன்" என்றேன். தலையை ஆட்டினார்.

பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம். அங்கே முக்குக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்து சாவி செய்கிற பாய் ஒருவர் உண்டு. ஆட்டோ பிடித்துப் போய், விஷயத்தைச் சொல்லி, அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டேன். வந்தவர் பூட்டைத் தொடவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீடு உங்களுதா?"

"வாடகை."

"அட்ரஸ் கார்டு?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் இருக்கிற போட்டோவைத்தான் எனக்குத் தெரியும். அவர் படித்தார்.

"இதுல திருவாதவூருன்னுல்ல போட்டிருக்கு?"

"ஊரு மாறிட்டோம் பாய், கார்டு இன்னும் வண்டி ஏறல."

அவர் சிரிக்கவில்லை. "ஹவுஸ் ஓனருக்கு ஒரு போனப் போடுங்க."

"போனு உள்ள இருக்கு."

பக்கத்து வீட்டுச் சௌராஷ்டிரக் குடும்பம் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தது. எதிர்த்த வீட்டிலும் பூட்டு.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அண்ணன் தம்பி சண்டையில ஒருத்தன் வந்து எங்க வீடுதான்னு கூட்டிட்டுப் போனான். நானும் தெறந்து விட்டேன். அப்பறம் ஸ்டேஷன்ல நின்னது நான்தான். சாட்சி இல்லாம தெறக்குறது இல்ல. வீட்டுக்குள்ள நொழஞ்சதும் என்ன இருக்கும், அதயாவது சொல்லுங்க."

"ஒரு பழைய சாமான் கட்டில்ல கெடக்கும். முப்பது வருசத்துக்கு மேல வச்சிருக்கேன், எந்தக் கடைக்காரனும் எடுத்துக்க மாட்டேங்கறான்."

"அப்ப அவரயே கேட்டுருவோம்" என்று பாய் ஜன்னலுக்குப் போனார். "அய்யா, இந்தம்மா யாரு?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "தெரியலையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் வந்தால், "அந்தம்மா யாரோ எவரோ" என்று டிக்கெட்டை என் தலையில் கட்டுகிற ஆள் அவர். "நடிக்கிறாரு பாய், நீங்க தெறங்க" என்றேன்.

பாய் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "உள்ள இருக்குற மனுசனே தெரியாதுங்கறாரு. நான் வாரேம்மா."

"ஏங்க, வெளாடாதீங்க! ஊசி போட்டு எம்புட்டு நேரமாச்சு!"

கட்டிலில் கிடந்தவர் மெதுவாகத் திரும்பி, "நீங்க யாருங்கம்மா? யாரத் தேடி வந்தீங்க?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை 'நீங்க' என்று சொன்னதே கிடையாது. கிண்டலுக்குக்கூடச் சொன்னதில்லை. கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"பாய், சுகரு எறங்கிருச்சு" என்றேன்.

பாயும் எட்டிப் பார்த்தார். "எங்க அம்மாவுக்கும் இப்புடித்தான் வேர்க்கும். இந்தப் பூட்டுத் தெறக்க நேரமாகும். இனிப்பு இருக்கா?"

பையிலிருந்த வெல்லத்தை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினேன். வாங்கவில்லை. "தெரியாதவுங்க குடுக்குறத நான் திங்க மாட்டேன்" என்று கையை இழுத்துக்கொண்டார். வெல்லத்தைப் பாயிடம் கொடுத்தேன். அவர் அதைக் கல்லில் தட்டிச் சின்னத் துண்டாக்கி, "அய்யா, இந்தாங்க, வாயில போடுங்க" என்றார். அவரிடம் மட்டும் மரியாதையாக வாங்கித் தின்றார். பாயை மட்டும் தெரிந்துவிட்டதாக்கும்.

இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்பவாவது தெறங்க பாய்."

"இவரு வாயால தெரியாதுன்னு சொன்னாரு. இவரு வாயாலயே மாத்திச் சொல்லட்டும். பூட்டுக்கு வேண்டியத எடுத்து வச்சுக்கிறேன்" என்று பெட்டியைத் திறந்து கம்பி, அரம் எல்லாம் எடுத்துத் துணியில் வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அரத்தை எடுத்து அவரையே ராவியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாய் மறுபடி கேட்டார். "அய்யா, இந்தம்மா யாரு?"

"இவளா? புளி வாங்கப் போறேன்னு போனவ, ஊரச் சுத்திட்டு வந்து நிக்கிறா. உள்ள விட்றாதீங்க பாய், இன்னும் செத்த நேரம் நிம்மதியாக் கெடந்துக்கிறேன்."

பாய் பூட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

கதவு திறந்ததும் முதலில் பாய்தான் தலையை நீட்டி உள்ளே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம் எனக்கு வழி விட்டார். குழம்பு வைக்க நேரமில்லை. சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். 'உப்புப் பத்தலடி' என்றார்.