முதுகு வலி என்று சொல்லி வருகிறவர்கள்

பல்லைப் பிடுங்கி ரத்தம் வரவைக்கிறவருக்குக்கூட ஊரில் மரியாதை இருக்கிறது. உட்காரவைத்து மனசில் இருப்பதைக் கேட்கிற எங்களைப் பார்த்தால்தான், குணமானவர்கள் பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். உங்கள் உழைப்புக்கு இன்னொருவர் பேர் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து வயிறெரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கிறதா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

உத்திரமேரூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் மனநலக் கவுன்சிலர். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே, புருஷனிடமோ அப்பாவிடமோ, வருஷக்கணக்கில் அடியும் அவமானமும் பட்டவர்கள். அடித்தவருக்குத் துளி வெட்கம் இருக்காது. அவருக்கும் சேர்த்து அடிபட்டவர் வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார். அந்த வெட்கத்தை இறக்கிவைத்துத் தலைநிமிர வைப்பதுதான் என் வேலை. இதில் எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். பக்கத்து ரூமில் பிசியோதெரபி பார்க்கிற பாஸ்கர் பெயரையும் மாற்றியிருக்கிறேன், அவனுக்கு ஏற்கெனவே இருக்கிற பேரும் புகழும் போதும்.

பக்கத்து ரூம்

என் ரூமுக்கு இரண்டு கதவுகள். ஒன்று வராந்தாவைப் பார்த்தது. அதில் ‘மனநல ஆலோசனை’ என்று பெரிதாகப் போர்டு மாட்டியிருக்கிறது. அந்தப் போர்டுக்குக் கீழே நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஒருவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இன்னொன்று பாஸ்கரின் பிசியோதெரபி ரூமிலிருந்து வருகிற உள்கதவு. எல்லாரும் முதுகு வலி என்று சொல்லிச் சீட்டு வாங்கி, பாஸ்கரின் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது உள்கதவு வழியாக என்னிடம் நழுவி வருவார்கள். அழுது முடித்து, முகம் துடைத்துக்கொண்டு, அதே வழியாகத் திரும்பிப் போவார்கள்.

இதனால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பாஸ்கர் கைராசிக்காரன் ஆகிவிட்டான். கொய்யாப்பழம், வேர்க்கடலை, முறுக்கு எல்லாம் அவன் மேஜைக்குத்தான் போகும். "எடுத்துக்கோங்கக்கா" என்று எனக்கும் நீட்டுவான். வாங்கித் தின்பேன், தின்னத் தின்ன எரியும். மழைக்காலம் முழுக்க என்னிடம் பேசிப் பேசித் தேறிய ஓர் அம்மா, கடைசி நாளன்று அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் முதுகை அவன் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. "உன் கைராசிப்பா, இப்பதான் கண்ண மூடுனா தூக்கம் வருது!"

மீசைக்காரர் சொன்ன நண்பர்

நிலம் நீச்சு உள்ளவர், பெரிய மீசை. முதுகு வலி என்று சொல்லிக்கொண்டு வந்தார். என் நாற்காலியில் உட்கார மாட்டார், ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டுதான் பேச்சு. "எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கீறான் மேடம்" என்று ஆரம்பித்தார். அந்த ஒருத்தனை, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், நெல் அடிக்கிற களத்தில் கூலியாட்கள் முன்னால் அவன் அப்பா செருப்பால் அடித்திருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் இன்னமும் அந்தக் களத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகிறான்.

அந்த ஒருத்தன் யார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வீம்பைப் பிடுங்கிவிட்டால் மனுஷருக்கு நிற்கத் தரையே இல்லை. அதனால் நானும் "உங்க நண்பர் எப்படி இருக்கார்?" என்றே கேட்டுவந்தேன். நண்பருக்காக இவர் கண் துடைத்துக்கொள்வார். அறுவடை முடிந்து வந்தவர், நண்பன் களத்தில் நின்று தானே நெல் தூற்றினான் என்றார். பாஸ்கருக்கு ஒரு தார் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வாழைத்தார் ஒரு பக்கம். நண்பரை ஒருநாள் நேரில் அழைத்து வரச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவன் இங்கெல்லாம் வரமாட்டான் மேடம், கவுரதையானவன்!"

பாராட்டினால் வந்த வினை

கன்னியம்மா பழையசீவரம் பக்கம் விவசாயக் கூலி வேலை பார்க்கிறவர். பள்ளிக்கூட கேட்டில், மற்ற அம்மாக்கள் எல்லாம் பார்க்க, புருஷன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து வாயில் வந்ததையெல்லாம் பேசியிருக்கிறான். அவனை விட்டுப் பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அந்த கேட்டை மட்டும் அவரால் தாண்ட முடியவில்லை. மகளோ, பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாருடைய அம்மாவும் வருகிறார்கள், நீ மட்டும் ஏன் வருவதில்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த கேட்டைத் தாண்ட வேண்டும், அதற்காகத்தான் என்னிடம் வந்தார்.

ஒருநாள் கூலியைக் குறைத்துக் கொடுத்த மேஸ்திரியை எதிர்த்துக் கேட்டதாகச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. "ரொம்ப நல்லா பண்ணீங்க, எனக்கே பெருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். முகம் வெளிறி, தோளைச் சுற்றிப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போனவர்தான், பல வாரம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது கதவோரமாக நின்றுகொண்டு காரணம் சொன்னார். "எம் புருசங்காரன் நல்லா பேசுனா பின்னாடியே கைய ஓங்குவான் மேடம், நீங்க நல்லா பேசுனதும் அடி வரப்போவுதுன்னு ஒடம்பு தானா குனிஞ்சிகிச்சு."

யாரிடம் முதலில் சொன்னார்?

அதன் பிறகு நான் பாராட்டுவதை நிறுத்திக்கொண்டேன். "நீங்க செஞ்சது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பேன். முதலில் "இன்னாத்த பெருசா செஞ்சிட்டேன்" என்பார். பிறகு "பரவால்ல" என்றார். பல மாதம் கழித்து ஒருநாள், மெதுவாக, "நல்லாதான் செஞ்சேன்" என்றார். அன்றைக்கு நான் வாயைக் கையால் பொத்திக்கொள்ளாத குறை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கன்னியம்மா போய்விட்டார். கேட்டைத் தாண்டி, முதல் வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சரிடம் கேள்வியும் கேட்டாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பாஸ்கர் சொல்லித்தான் தெரியும்! எனக்காகக் காத்திருக்கிற நேரத்தில் அவனிடம் சொல்லியிருக்கிறார். நான் இவ்வளவு நாள் எதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அந்தச் சிரிப்பை அவன் பார்த்துவிட்டான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவன் சமாதானம் வேறு சொன்னான்: "என்கிட்ட சொன்னா சிரிச்சிகினு சொல்லலாமாம், உங்ககிட்ட சொன்னா அழுதுடுவாங்களாம் அக்கா."

முன்கதவு

ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிகிற ஒரு திங்கட்கிழமை காலை. சீட்டு எழுதுகிற பெண் கன்னியம்மாவைப் பார்த்ததும் கேட்காமலே ‘முதுகு வலி’ என்று எழுதப் போனாள். "முதுகுலாம் நல்லாதாம்மா கீது" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார் கன்னியம்மா. "மனசு விட்டுப் பேச வந்துகீறேன். போர்டு மாட்டிகீற கதவாண்ட போறேன்." நேராக வந்து என் முன்கதவைத் தட்டினார்.

திறக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கதவுக்குக் குறுக்கே இரும்பு பீரோ. யாரும்தான் வருவதில்லையே என்று நானே நகர்த்திவைத்தது. தலைநிமிர்ந்து வாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வருகிற வழியை அடைத்து பீரோ வைத்திருந்தேன். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாஸ்கர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் தள்ள, கதவு திறக்கிற வரைக்கும் கன்னியம்மா அத்தனை பேர் பார்க்க அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்றார்.

உள்ளே வந்தவர் கையில் ஒரு பை, வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, இன்னும் சூடு ஆறவில்லை. எனக்குத்தான் என்று கையை நீட்டிவிட்டேன். என் கையைத் தாண்டிப் போய்ப் பாஸ்கரிடம் கொடுத்தார். வெட்கத்தை விட்டு, "எனக்கு இல்லையா?" என்று கேட்டேன். இத்தனை நாள் மேடம் மேடம் என்று எட்டியே நின்றவர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி ரூம்பு வழியா இத்தினி நாளு வந்துகினு இருந்தேன், அதுக்கு அவுருக்கு மல்லாட்ட, உனக்கு இன்னாத்துக்குக்கா குடுக்கணும், நீ இன்னா வெளியாளா?"

இப்போது பீரோ சுவரோரம் போய்விட்டது, முன்கதவு திறந்தே இருக்கிறது, அவ்வப்போது ஒருவர் இருவர் அந்த வழியாகவும் வருகிறார்கள், வேர்க்கடலை மட்டும் இன்னமும் பாஸ்கர் மேஜைக்கே போகிறது, எனக்கும் இன்னமும் எரியத்தான் செய்கிறது.