வெட்டாத முட்டியா

முக்தாபென்னுக்கு வலது கையில் மூன்றே விரல்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மற்ற இரண்டும் பதினாறு வருஷத்துக்கு முன்னால், மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் இயந்திரத்தில் போயின. மகள் சேத்னாவுக்கு அப்போது இரண்டு வயது. போன விரல்களுக்காக முக்தா நாலு நாள் அழுதாள், ஐந்தாம் நாள் எழுந்து எருமையைக் கறந்தாள். ஊர்தான் பதினாறு வருஷமாக அழுது முடிக்கவில்லை.

பெட்லாத் ஊரின் தச்சர் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் பெண்கள் எல்லோரும் கூடி அப்பளம் இடுவார்கள். முக்தாவையும் கூப்பிடுவார்கள். இட்ட அப்பளத்தை மாடியில் காயவைத்துக் காக்கை விரட்ட. மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசும்போது, "நீ அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்துக்கயேன்" என்பார்கள். அந்தப் பக்கத்தில் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஊனக்கை சுபகாரியத்துக்கு ஆகாதாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மாமியார் போன பிறகு அதிகாரம் ஓரகத்தி ரம்பாபென் கைக்கு வந்தது. சாயங்காலப் பலகாரத்துக்கு வாரம் இரண்டு நாள் சுரைக்காய் முட்டியா. துருவிய சுரைக்காயோடு கோதுமை மாவும் கடலை மாவும் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்குக் கைக்குள் இறுக்கிப் பிடித்து, ஆவியில் வேகவைப்பது. நம் பிடிகொழுக்கட்டை மாதிரி இதிலும் பிடித்த கையின் விரல் பதிந்திருக்கும். மற்றவர்கள் பிடித்தால் நாலு பள்ளம், முக்தா பிடித்தால் இரண்டு. வீட்டு ஆட்கள் அந்த இரண்டு பள்ளத்தில் கடலையெண்ணெயை ஊற்றிக்கொண்டு தட்டை வழித்துத் தின்பார்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ரம்பாபென், "நீ பிசைஞ்சு வை, பிடிக்க வேற ஆள் வரும்" என்பாள். வீட்டு வயிற்றுக்கு ஆகிற கை விருந்தாளி வயிற்றுக்கு ஆகாதாம். இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

முக்தா அதையெல்லாம் பொறுத்தாள். போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சேத்னாவைப் பெண் பார்க்க உம்ரேத்திலிருந்து பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதற்கு முந்தின நாள் சேத்னாவே அம்மாவிடம் வந்து, கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ உள்ளயே இருந்துடு. போட்டோவைப் பார்த்தே எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா."

பெற்ற மகள். இந்த மூன்று விரலால் தலை பின்னிவிட்டு, இந்த மூன்று விரலால் சோறு ஊட்டி வளர்த்த மகள். முக்தா சரி என்று தலையாட்டினாள். அம்மாவுக்குக் கடும் ஜுரம் என்று ரம்பாபென் விருந்தாளிகளிடம் சொன்னாள். ஜுரமே இல்லாமல் முக்தா பின்னறையில் போர்த்திப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இன்று நிச்சயம். வெல்லமும் தனியாவும் கலந்து பெண்ணின் அம்மா தன் கையால் கொடுக்க, பிள்ளை வீட்டார் வாங்கி வாயில் போட்டால் சம்பந்தம் உறுதி. நாலு மணிக்கு வருகிறார்கள். ரம்பாபென் மதியமே திட்டத்தைச் சொல்லிவிட்டாள். முக்தா மாவு பிசைய வேண்டும். பக்கத்து வீட்டு மருமகள் வந்து முட்டியா பிடிப்பாள். வெல்லத்தை ரம்பாபென் கொடுப்பாள். கேட்டால், முக்தா விரதத்தில் இருக்கிறாள், வெளியே வரமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

முக்தா சுரைக்காயைத் துருவினாள். மாவு, இஞ்சி, பச்சைமிளகாய், தயிர், ஒரு பிடி சர்க்கரை, எள். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை, சுரைக்காயின் தண்ணீரே போதும். உப்பு போட்டுப் பிசைந்தால் அப்புறம் காத்திருக்கக் கூடாது. உப்பு பட்ட சுரைக்காய் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், கால் மணியில் மாவு கூழாகிவிடும். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஆள் அனுப்பினார்கள். குழந்தைக்கு இருமல், இதோ வருகிறேன் என்றாள். வரவில்லை. மாவுக் கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. ரம்பாபென் பட்டுப்புடவை மாற்ற உள்ளே போயிருந்தாள்.

முக்தா கையில் எண்ணெய் தடவிக்கொண்டாள். ஒன்று பிடித்தாள். இரண்டு பள்ளம். இன்னொன்று பிடித்தாள். மாவு தீரும்வரை பதினெட்டு பிடித்து, சல்லடைத் தட்டில் அடுக்கி, கொதிக்கிற பாத்திரத்தின் மேல் வைத்து மூடினாள்.

ரம்பாபென் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தும் நகரவில்லை.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"மாவு யாருக்காகவும் காத்திருக்காதுக்கா."

ரம்பாபென் சத்தம் போடவில்லை. அவளுக்கு அதைவிட நல்ல யோசனை இருந்தது. "சரி, போகட்டும். வெந்ததும் வட்டம் வட்டமா வெட்டி, கடுகு எள்ளு தாளிச்சுடு. வெட்டிட்டா யார் கை பிடிச்சதுன்னு எவளுக்குத் தெரியப் போகுது?"

வெட்டித் தாளித்தாலும் முட்டியா ருசியாகத்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை முக்தாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இதை வெட்டினால் இன்று முட்டியாவும் கிடையாது, டீயும் கிடையாது என்று அமைதியாகச் சொன்னாள். ரம்பாபென் மேலே பேசுவதற்குள் வாசலில் பிள்ளை வீட்டார் வந்திறங்கிய சத்தம் கேட்டது.

பிள்ளையின் அம்மா கஞ்சன்பென் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். பிள்ளையும் அவன் தாய்மாமாவும் பாயில் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் ரம்பாபென் முழு முட்டியாக்களையே தட்டில் கொண்டு வைத்து எண்ணெய் ஊற்றினாள். முக்தா சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். கஞ்சன்பென் ஒன்றைப் பிட்டுத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு யார் செய்தது என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் ரம்பாபென். கூசாமல் சொன்னாள்.

கஞ்சன்பென் மூன்றாவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ரம்பாபென்னின் கையைப் பார்த்தாள். "நீங்களா? அப்போ உங்க ரெண்டு விரலுக்கு இன்னைக்கு லீவா?"

தாய்மாமா சிரித்தார். ரம்பாபென் முகம் வெளுத்துவிட்டது.

திரைக்குப் பின்னால் முக்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெளியே போனால் சம்பந்தம் முறியலாம். முறிந்தால் மகள் தன்னை மன்னிக்கவே மாட்டாள். போகாவிட்டால்? கல்யாணத்தன்று ஒரு ஜுரம், வளைகாப்பன்று ஒரு ஜுரம், பேரன் பிறந்தால் அன்றைக்கும் ஒரு ஜுரம். சாகிறவரை பின்னறையில் சுவரைப் பார்த்துக் கிடக்க வேண்டும். முக்தா திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாவு ஒட்டிய கையை முந்தானையில் மூடவில்லை, அப்படியே நீட்டினாள்.

"நான் பிடிச்சது கஞ்சன்பென். நான் சேத்னாவோட அம்மா. போன தடவை எனக்கு ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒளிச்சு வச்சாங்க, நானும் ஒளிஞ்சுக்கிட்டேன். அது தப்பு."

தாய்மாமா தொண்டையைக் கனைத்தார். சுபகாரியத்தில் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா, சகுனம் என்று ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார். முக்தாவின் புருஷன் நட்டுபாய், ஊருக்கெல்லாம் ஊஞ்சல் செய்து கொடுக்கிற மனுஷன், வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களையெல்லாம் என்ன சொல்வது.

"சகுனம் பார்க்கிறவங்க பார்த்துக்கலாம்" என்றாள் முக்தா. "இவளுக்கு ஊட்டினது இந்தக் கை. இன்னைக்கு வெல்லம் குடுக்கிறதும் இந்தக் கைதான். வேற கை குடுக்காது. வேண்டாம்னா அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு. முட்டியாவைச் சாப்பிட்டுட்டே போங்க, சூடு ஆறிடும்."

வெல்லத் தட்டு ரம்பாபென் மடியில் இருந்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேத்னா உள்ளேயிருந்து வந்தாள். முகமெல்லாம் அழுகை. பெரியம்மாவின் மடியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் அந்தக் கையில் வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றாள்.

கஞ்சன்பென் அவசரப்படவில்லை. மிச்ச டீயைக் குடித்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கையை நீட்டிவிட்டிருந்தான். அவளும் நீட்டினாள். முக்தா இருவர் கையிலும் வெல்லத்தை வைத்தாள், இருவரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். தாய்மாமாவும் வாங்கினார், ஆனால் தின்னாமல் டீத்தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தார். முக்தா அதைப் பார்த்தாள். எறும்பு தின்னட்டும், எறும்பு சகுனம் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கஞ்சன்பென் தன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆறு முட்டியா கேட்டாள். ரம்பாபென் ஓடிப்போய் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தாள். முட்டியா நீளம், டப்பா கட்டை. மூடி மூடவில்லை.

"ரெண்டா வெட்டிட்டா சரியா உட்காரும்" என்று ரம்பாபென் கத்திக்காகக் கையை நீட்டினாள்.

கத்தி முக்தாவின் இடுப்பில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"பெரிய டப்பா எடுத்துட்டு வாங்கக்கா" என்றாள்.