கிராணிமேல் ஒரு சிந்து

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாயாவில், குளுவாங்கில் ஓர் அச்சுக்கூடத்தில் சிந்து எழுதிக்கொண்டிருந்தேன். கொலையோ வெள்ளமோ ரயில் கவிழ்ந்ததோ, எது நடந்தாலும் மூன்றாம் நாள் நாலு பக்கப் பாட்டாகிவிடும். ஆனால் முதலாளிக்குப் பிடித்த சரக்கு வேறு. ரப்பர் தோட்டத்துப் பெண்களிடம் கைவைக்கும் கங்காணிகள், கணக்கெழுதும் கிராணிகள். லாயாங் லாயாங்கிலிருந்து கூலாய் வரை ரயிலில் அலைந்து அவர்களைத் தேடிப்பிடிப்பார். அச்சானதும் முதல் பிரதி அந்த ஆளின் கைக்கே போகும். அவன் பணம் கொடுத்தால் கட்டு முழுவதும் எங்கள் அடுப்புக்கு. கொடுக்காவிட்டால் சம்பள நாளன்று தோட்டத்து வாசலில் அவரே பாடி விற்பார். ஊரில் அவருக்கு மாதர் காவலர் என்று பெயர். எனக்கும் அதில் பெருமைதான். வயிறாரச் சோறு, வேண்டிய மட்டும் காகிதம், ஜன்னலுக்கு வெளியே போகவும் வரவும் ரயில். காலையில் மையின் வாசனையோடு எழுந்திருப்பேன். எங்காவது ஓடிப்போகலாம் போலிருக்கும். எங்கும் போக மாட்டேன்.

ஒரு ஞாயிறு காலை, முதலாளி கூலாய்க்குப் போயிருந்தபோது, ஒரு பால்வெட்டுக்கார அம்மாள் வந்தார். விதவை. பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி செய்ததை முதலாளியிடம் சொன்னவர் அவர்தான். சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது: எங்கள் சிந்துகளில் பெண்ணின் பெயரும் அவள் குடியிருக்கும் லயத்து எண்ணும் வரும், அது இருந்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள் என்று. பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் பாடப்பட்டவள் கப்பலேறிப் போய்விட்டாள். இவர் மகளுக்கோ மாப்பிள்ளை பேசியிருந்தது.

"அவன் பேரு பெருசா இருக்கட்டும் தம்பி. என் பேரு இருக்கக் கூடாது. நாலஞ்சு பேருகிட்ட அவன் அப்படித்தான். நான் மட்டும் ஏன் பாட்டுல ஏறணும்?"

எழுதி வைத்திருந்த சிந்தில் அவர் பெயரை அவர் முன்னாலேயே அடித்துத் திருத்தினேன். எழுத்துத் தெரியாத தனக்கு என்ன அத்தாட்சி, படித்துக் காட்டு என்றார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை ராகத்தோடு பாடச் சொன்னார். அவர் உதடுகள் அசைந்தன. பெயர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார் என்றே நினைத்தேன்.

பெண்ணின் பெயரில்லாத பாட்டை எவன் வாங்குவான் என்று முதலாளி ஏசினார், ஆனாலும் அச்சடித்தார். கிராணி பேரம் பேசாமல் பணம் கொடுத்தான். கட்டு எரிந்தது. அந்தச் சோற்றை நானும்தான் தின்றேன்.

பத்து நாள் கழித்து கிராணி வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

"காசையும் வாங்கிக்கிட்டுப் பாட்டையும் விட்டுட்டியாய்யா?"

நிறுவைக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள் பாடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு அடி. முன்னால் ஒருத்தி விட்டதைப் பின்னால் ஒருத்தி பிடித்துக்கொள்கிறாள். யாரைப் பிடித்துக் கேட்பது? துரைக்கு வேறு தமிழ் தெரியும்.

ஒரு தாளைக்கூட விற்கவில்லை என்று முதலாளி சத்தியம் செய்தார். உண்மைதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மாவுக்கு மூணு தடவ படிச்சுக் காட்டினேன் மொதலாளி," என்றேன்.

என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று பார்த்தேன். அனுப்பவில்லை. இனி யாருக்கும் படித்துக் காட்டாதே என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே துரை கிராணியை அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு மத்தியானம் அந்தத் தோட்டத்துக்கு நடந்து போனேன். ரப்பர் மர நிழலில் நின்று கேட்டேன். என் அடிகளில் இரண்டைத் தூக்கிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் நடக்கும் நடையைச் சேர்த்திருந்தார்கள். என்னுடையதைவிட நன்றாயிருந்தது. அந்த அம்மாள் வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ நின்றார். தன் முறை வந்ததும் தொண்டையைத் திறந்து பாடினார், மற்றவர்களைப் போலவே.